எதிரே இருந்தவனுக்குக் கிடைத்த மணம்

நிலவியல் துறையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்கு, டென்மார்க் தேசத்திலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர், தட்டையான தகர டப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மேல்மூடியில் கருந்திராட்சைக் குலை ஒன்றும், செந்நிற மது நிறைந்த கிண்ணம் ஒன்றும் சித்திரிக்கப்பட்டிருந்தன. திராட்சை மதுவின் வாசனை ஊட்டப்பெற்ற சுங்கான் புகையிலை அது. நண்பர் தம் பழைய பிரையர் மரச் சுங்கானில் அதை நிரப்பிப் பற்றவைத்து, கால் மணி நேரம் பொறுமையாக இழுத்துப் பார்த்தபின் முகம் வாடினார்.

“படத்தில் இருக்கிற திராட்சை புகையில் இல்லையே! வெந்நீரை வாயில் வைத்துக்கொண்ட மாதிரி நாக்குத்தான் எரிகிறது. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது. நான் புகைப்பவன் அல்லன். ஆனால் முப்பது வருஷம் இரசாயனக் கூடத்தில் எஸ்டர்களோடும் ஆல்டிஹைடுகளோடும் பழகிய மூக்கு எனக்கு உண்டு. அவருக்கு எதிரே நான்கடி தூரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு, கனிந்த திராட்சையின் மணமும், நாட்பட்ட மதுவின் மணமும், அடுப்பில் இளகும் வெல்லத்தின் மணமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, அந்த அறை முழுவதும் நிறைந்திருந்தது போலிருந்தது. விலை கொடுத்த பொருளைச் சுவைப்பவருக்குக் கிடைக்காத ஒன்று, வெறுமனே அருகில் இருந்தவனுக்குத் தாராளமாகக் கிடைத்தது. எங்கள் இருவரில் ஒருவர் தவறாக உணர்ந்திருக்க வேண்டும் என்று முதலில் எண்ணினேன். யோசிக்க யோசிக்க, இருவருமே சரியாகத்தான் உணர்ந்திருக்கிறோம், நாங்கள் மதிப்பிட்டவை இரண்டு வேறு பொருள்கள் என்று புலப்பட்டது.

நாக்கு என்ற உறுப்புக்கு நாம் வழங்கியிருக்கும் கௌரவம் அதன் தகுதிக்குச் சற்று மிகையானது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் உள்ள உமாமி எனும் சுவை ஆகியவற்றுக்கு அப்பால், காரமும் சூடும் குளிர்ச்சியும் தொடுவுணர்ச்சியின் பாற்பட்டவை. ஜலதோஷம் பிடித்த நாளில் எத்தனை பக்குவமாக வைத்த மிளகு ரசமும் வெறும் புளித் தண்ணீராகிவிடுவதை அறியாதவர் யார்? ரசத்தின் சுவை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, வாயின் பின்புறத்திலிருந்து தொண்டைக்கு மேலாக நாசிக்குள் ஏறும் ஆவியே. முகர்தலுக்கு முன்வாசல் ஒன்றும் பின்வாசல் ஒன்றும் உண்டு என்பதையும், பின்வாசல் வழியாக வரும் மணத்தை மனம் வாயில் இருக்கும் சுவையாகவே கொள்கிறது என்பதையும் அமெரிக்க உளவியலறிஞர் பால் ரோசின் 1982ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தார். மூக்கின் உச்சியில் மணத்தை ஏற்கும் ஏற்பிகளைப் படைக்கும் பெருங்குடும்பமான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகிய இருவரும் 1991இல் வெளிப்படுத்தி, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் அவ்வகை ஏற்பிகள் சுமார் 400 இனங்கள் தொழிற்படுகின்றன. ஒரு புறம் ஐந்து, மறுபுறம் நானூறு. திராட்சை மதுவை மதுவென்று காட்டும் நுட்பங்கள் யாவும் அந்த நானூறின் பால் சேர்ந்தவை.

சுங்கான் பிடிப்போர் சிகரெட் பிடிப்போரைப் போலப் புகையைப் பெரும்பாலும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயளவில் நிறுத்தி வெளியே விடுகின்றனர். என் நண்பரும் வாயை நிரப்பி, வாய் வழியாகவே ஊதிவிடுகிறவர். ஆகவே பின்வாசல் அடைத்தே கிடந்தது. நாக்குக்கு எட்டிய சிறிது இனிப்பும், சிறிது கசப்பும், உறைப்பும் மட்டுமே அவர் பங்குக்கு மிஞ்சின.

இனி அந்த டப்பிக்குள் இருந்தது யாதெனப் பார்ப்போம். இவ்வகைக் கலவைகளுக்கு அடித்தளமாக அமைவது பெரும்பாலும் பர்லி எனும் இலை. இன்று வழங்கும் வெண்பர்லி, 1864ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நாற்றங்காலில் தற்செயலாக வெளிர்நிறத்தோடு முளைத்த செடிகளின் வழித்தோன்றல். வெர்ஜீனியா வகை இலையை வெப்பமூட்டிய கொட்டகையில் ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவதால், அதில் சர்க்கரை நூற்றுக்கு இருபது பங்கு வரையிலும் தங்கிவிடுகிறது. பர்லியோ காற்றில் வாரக்கணக்காகத் தொங்குகிறது. பறித்த பின்னும் உயிர் முற்றிலும் அடங்காத அந்த இலை, தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. சர்க்கரை நீங்கிய இலை, உறிஞ்சும் காகிதத்தைப் போல எதை ஊற்றினாலும் ஏற்கும். அதிமதுரம், கொக்கோ, சர்க்கரைப் பாகு ஆகியவற்றில் முதலில் அதை ஊறவைப்பர். அயல்நாட்டு வித்தையென்று இதை வியக்க வேண்டியதில்லை; நம் நாட்டிலும் மெல்லும் புகையிலைக்கு வெல்லக் கரைசல் தெளித்து அடுக்கிப் பதப்படுத்தும் வழக்கம் உண்டு. இந்த ஊறலுக்குப் பிறகு இலையை அழுத்தி, ஆவியில் வைத்துக் கருக்கச் செய்தால் கருங்காவெண்டிஷ் என்ற மிருதுவான வகை கிடைக்கிறது. எல்லாம் முடிந்து, டப்பியில் அடைப்பதற்குச் சற்று முன்பாக, மேல்தெளிப்பாக மதுவின் வாசனை வந்து சேருகிறது.

மதுவைத்தான் தெளிக்கிறார்களா என்று கேட்கலாம். மெய்யான மதுவும் இருக்கலாம். அதைப் போலச் செய்த வாசனைக் கூட்டும் இருக்கலாம். மெய்யான மதுவையே தெளித்தாலும், 78 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் சாராயப் பகுதி எளிதில் பறந்துபோக, எஞ்சுவன சிறிதளவு அமிலமும் சர்க்கரையும் துவர்ப்பும் கனத்த சில மணப்பொருள்களுமே. மதுவின் வாசனைக்கு மூலம் இன்னதென்று பிடித்துவிடும் முயற்சி மிகப் பழையது. 1836இல் ஜெர்மானிய இரசாயன மேதை லீபிக்கும் பிரெஞ்சு அறிஞர் பெலூஸும் மதுவின் வண்டலிலிருந்து ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்து, மதுவை மதுவாக்கும் சத்து இதுவே என்று மகிழ்ந்தனர். அது பல எஸ்டர்களின் கலவை என்பது பின்னால்தான் தெரிந்தது. எனினும் அந்த வழியில் பிறந்த எத்தில் ஹெப்டனோயேட் முதலிய எஸ்டர்கள் இன்றும் மது வாசனை செய்வோரின் அலமாரியில் நிற்கின்றன. இவற்றோடு, புகையிலை உலராமலிருக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற ஈரங்காக்கும் திரவமும் சேரும்.

இப்போது தீக்குச்சியைக் கிழிப்போம். சுங்கானின் கிண்ணத்தை ஓர் அடுப்பாக நினைப்பது இயல்பு; ஆனால் அதை ஒரு வாலையாக, அதாவது அத்தர் வடிப்போர் வைத்திருக்கும் வடிகலமாக, நினைத்தால்தான் நடப்பது முழுவதும் விளங்கும். மேலே தணல் பல நூறு டிகிரி வெப்பத்தில் இலையை எரிக்கிறது. அந்தத் தணலில் அகப்பட்ட வாசனைப் பொருள் பெரும்பாலும் சிதைந்தே போகிறது. மணம் அங்கே பிறப்பதில்லை. தணலுக்குச் சற்றுக் கீழே, இன்னும் எரியாத, ஆனால் நன்கு சூடேறிய ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இலையின் ஈரம் அங்கே ஆவியாகிறது. நீராவியில் வடிக்கும் பன்னீர்ப் பூவின் சத்தைப் போல, எஸ்டர்கள் தத்தம் கொதிநிலையை எட்டுவதற்கு முன்பே அந்த ஆவியின் தோளேறிப் புறப்பட்டுவிடுகின்றன. எத்தில் ஹெக்சனோயேட்டின் கொதிநிலை 167 டிகிரி. ஹெப்டனோயேட்டுக்குச் சுமார் 188. வனிலாவின் சத்தான வனிலினுக்கோ 285. இலேசானவை முதலிலும் கனத்தவை பின்னரும் பயணப்படுவதால், முதல் மூன்றிலொரு பங்கு எரியும்போது டப்பியின் வாசனையில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. நடுப்பகுதியில் பேசுவது இலை. அடிப்பகுதியிலோ, மேலிருந்து இறங்கிக் குளிர்ந்து படிந்த ஈரமும் கரியும் தாரும் சேர்ந்த ஒரு கலக்கம்.

இந்த வாலைக்கு வாய்கள் இரண்டு என்பதுதான் எங்கள் புதிருக்கு விடை. இழுக்கும்போது ஆவி கீழ்நோக்கி, குளிர்ந்த இலைகளின் ஊடேயும், மரத்தின் துளை வழியாகவும், நீண்ட தண்டின் வழியாகவும் செல்ல வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் அது குளிர்ந்து, மணத்தில் ஒரு பகுதியை ஈரத்தோடு அங்கங்கே இறக்கிவிட்டே வாய்க்கு வருகிறது. இழுக்காத வேளையிலோ, கிண்ணத்தின் திறந்த மேல்வாய் வழியாக அதே ஆவி தடையின்றி எழுந்து அறையில் கலக்கிறது. சுங்கானைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் இழுக்கும் கணங்கள் சில. இழுக்காத கணங்களே மிகுதி. ஆகவே நண்பருக்கு வந்தது தணிக்கை செய்யப்பட்ட பிரதி. எனக்கு வந்தது மூலப் பிரதி. இதோடு வாசனைச் சோர்வும் சேர்ந்துகொள்கிறது. மாறாமல் நிற்கும் ஒரு மணத்தை மூக்கு சில நிமிஷங்களில் மறந்துவிடும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணக்காதது போல, புகைமண்டலத்தின் நடுவிலேயே இருந்தவருக்கு மணம் இல்லையென்று ஆயிற்று. நானோ அவ்வப்போது எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் வந்தவன்.

நாக்கு எரிந்ததற்கும் காரணம் எளிது. மிகுந்த ஈரத்தோடு வரும் இவ்வகைப் புகையிலையை அணையாமல் காக்க வேண்டுமென்று வேகமாக இழுக்கிறோம். ஒரு கிராம் நீராவி நாக்கின்மேல் படிந்து நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை அங்கே இறக்கிவைக்கிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும் கை அறியும் உண்மை இது. புகையின் காரத்தன்மையும் அந்த எரிச்சலுக்குத் துணை செய்யும். பற்றவைப்பதற்கு முன் இலையைக் காகிதத்தின்மேல் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் எரிச்சல் வெகுவாகத் தணியும்.

மதிப்பிடுவோர் பலர் எண்ணிப் பாராத வேறொரு சங்கடமும் உண்டு. மூடியின்மேலிருந்த படமே அது. போர்தோ நகரத்தில் மது இயல் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற செந்நிறச் சாயம் கலந்த வெண்மதுவைக் கொடுத்து அதன் மணத்தை வர்ணிக்கச் சொன்னபோது, செம்மதுவுக்கே உரிய சொற்களைக் கொண்டு அவர்கள் அதை வர்ணித்தார்கள் என்று மோரோ, ப்ரோஷே, துபூர்தியு ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. அந்த மாணவர்களைக் குறைத்துப் பேசுவது தகாது. பழகிய மூக்கும் கண்ணின் சொற்படி நடக்கிறது என்பதே அதில் அறியத்தக்கது. திராட்சைக் குலையைப் பார்த்துவிட்டு முகர்ந்த நானும், என் நானூறு ஏற்பிகளோடு என் கண்களையும் சேர்த்தே முகர்ந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொன்னபின், இந்த விஷயத்தில் என்னை மிகவும் வசீகரிக்கும் பகுதிக்கு வருகிறேன். திராட்சைக்கும் புகையிலைக்கும் இரத்த சம்பந்தமில்லை. ஒன்று கொடி, மற்றொன்று கத்தரி, தக்காளியின் குலத்தைச் சேர்ந்த செடி. ஆயினும் இரண்டிலும் கரோட்டின் இனத்தைச் சார்ந்த மஞ்சள் நிறமிகள் உண்டு. இலை மஞ்சளாகிப் பழுக்கும்போதும், கனி முதிர்ந்து மதுவாகி நாட்படும்போதும் அந்த நிறமிகள் துண்டு துண்டாக உடைகின்றன. உடைந்த துணுக்குகளே நறுமணப் பொருள்களாகின்றன. டமாஸ்செனோன் என்ற ஒன்றைப் பாருங்கள். பல்கேரிய ரோஜா எண்ணெயில் ஸ்விட்ஸர்லாந்து இரசாயனிகள் அதைக் கண்டு 1970இல் வெளியிட்டனர். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் இரண்டு பங்கை ஒரு லிட்டர் நீரில் கலந்தாலும் மனித மூக்கு அதை அறிந்துகொள்ளும். அதே டமாஸ்செனோன் திராட்சை மதுவில் இருக்கிறது. பதப்பட்ட புகையிலையிலும் இருக்கிறது. புகையிலை மணத்தின் சிறந்த கூறுகளில் ஒன்றான மெகாஸ்டிக்மாட்ரையீனோனும் மதுவில் அகப்படுகிறது. ஆகவே மதுவின் வாசனை புகையிலையில் வந்து ஒட்டிக்கொண்ட அந்நியம் என்று கொள்வதற்கில்லை. வெளியார் தெளிப்பதற்கு முன்பே அதன் ஓர் இழை இலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாட்பட்ட ஷெர்ரி முதலிய மதுக்களுக்கு அவற்றின் தனி வாசனையைத் தரும் சோட்டலோன் என்ற பொருளோ நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்தின் மணம் அதுதான். கச்சாச் சர்க்கரையின் மணத்தை ஆராய்ந்த ஜப்பானியர், அச்சர்க்கரையைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லையே அடியாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர். முதல் நாள் எனக்கு வெல்லம் மணத்ததும் மது மணத்ததும் வேறு வேறு விஷயங்களாக இராமலிருக்கலாம்.

மதுவைத் தொடாமலே மது மணக்கும் புகையிலையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் நடுவே செயிண்ட் ஜேம்ஸ் என்ற சிறு வட்டாரத்தில் பெரிக் என்ற இலை விளைகிறது. அவ்வூர்ப் பழங்குடிகள் இலையை அழுத்திவைக்கும் முறையைக் கண்டு, 1824இல் பியேர் ஷெனே என்ற விவசாயி அதைத் தொழிலாக்கினார் என்பது அப்பகுதியின் வரலாறு. ஓக் மரப் பீப்பாயில் இலைகளைத் திணித்து, திருகு யந்திரத்தால் இறுக்கி, தன் சாற்றிலேயே ஓர் ஆண்டுக் காலம் புளிக்கவிடுகிறார்கள். இடையில் சில முறை வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு மீண்டும் இறுக்குகிறார்கள். காற்றில்லா இருட்டில் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் உழைத்து முடித்தபின், உலர்ந்த அத்தியும் பிளம் பழமும் காடியும் கலந்தாற்போன்ற மணத்தோடு கரிய இலை வெளிவருகிறது. மதுக்கிடங்கில் நடக்கும் அதே வேலை, இலையின்மேல்.

இந்த மணங்களை இவ்வளவு அன்போடு எழுதும் எனக்கு, அவற்றின் மறுபக்கத்தைச் சொல்லும் கடமையும் உண்டு. 1795ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஸோமரிங், சுங்கான் பிடிப்போரின் கீழுதட்டில் புற்றுநோய் காணப்படுவதைக் குறித்துவைத்தார். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் உதடு, வாய், தொண்டை ஆகியவை புகையின் பாதையிலேயே இருக்கின்றன. காற்றில் உலர்ந்த இலையின் காரப் புகையிலிருந்து நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஊறவைத்த சர்க்கரை எரியும்போது பார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் பிறக்கின்றன. இனிய மணம் அவற்றை மறைக்குமேயன்றி மாற்றாது. எதிரே அமர்ந்து மூலப் பிரதியைப் பெற்ற என் நாசிக்கு, நஞ்சின் மூலப் பிரதியும் சேர்ந்தே வந்தது. 2009இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், மெந்தால் நீங்கலாக, பழம் முதலிய வாசனையூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்து, சுங்கான் புகையிலையை விட்டுவிட்டது. அந்த விலக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு பரீட்சை, அதன்பின் டப்பியை மூடிவிடுகிறேன் என்றார்.

பரீட்சையை நிலவியலாளருக்கே உரிய ஒழுங்கோடு அவர்தாம் வகுத்தார். பழைய வாசனைகள் ஊறிப்போன பிரையர் சுங்கானை ஒதுக்கிவிட்டு, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் கடைந்த மலிவான சுங்கான்கள் மூன்று தருவித்தார். ஒன்றில் வாசனை ஏதுமற்ற பர்லி. ஒன்றில் பெரிக் கலந்த, மேல்தெளிப்பற்ற வெர்ஜீனியா. ஒன்றில் திராட்சைப் படம் போட்ட டப்பியின் இலை. மூன்றையும் காகிதத்தில் ஆறவிட்டு, உள் அறையில் நிரப்பி, எண் கட்டி, நாளுக்கு ஒன்றாக எடுத்து வந்தவர் அவர் மனைவியார். வெறும் சோற்றையும் மோரையும் உண்டு இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே தொடங்குவது என்று ஏற்பாடு. நிமிஷத்துக்கு இரண்டு இழுப்புக்கு மேல் கூடாது. மூன்றில் ஒரு பங்கு புகையை வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெல்ல விடவேண்டும். கிண்ணத்தின் முதல் பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனியே அவர் எழுதினார். நான் நாற்காலியைச் சன்னல் ஓரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, கால் மணிக்கு ஒரு முறை வெளியே போய்வந்து, என் காகிதத்தில் எழுதினேன். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை இரு காகிதங்களையும் மேஜைமேல் அருகருகே விரித்தோம். முதல் எண்ணுக்கு அவர் வறுத்த கடலை என்று எழுதியிருந்தார். நான் காய்ந்த வைக்கோல் என்று எழுதியிருந்தேன். அது பர்லி. மது என்ற சொல் இருவர் காகிதத்திலும் ஒவ்வொரு முறைதான் இருந்தது. என் காகிதத்தில் அது மூன்றாம் எண்ணுக்கு எதிரே, முதல் பகுதியில் இருந்தது. படம் போட்ட டப்பியின் இலை அதுதான். அதே மூன்றாம் எண்ணுக்கு அவர், ‘வெல்லம், பிறகு ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தார். அவர் மதுவைக் கண்டது இரண்டாம் எண்ணில், நடுப்பகுதியில், மூக்கு வழியாகப் புகையை விட்ட இடத்தில்: ‘பழைய மது, சற்றே புளித்தது, உலர்ந்த பழம்.’ வெர்ஜீனியாவையும் பெரிக்கையும் தவிர வேறெதுவும் அதில் இல்லை. அந்த எண்ணுக்கு எதிரே நான் எழுதியிருந்தது ‘ஊறுகாய் ஜாடி’.